சிறு தொழில் நடத்துபவர்களின் நேரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். மாதக் கடைசியில் பில்களை வாங்கப் போய் உட்கார்ந்தால் பேச்சு வரவு செலவில் ஆரம்பிக்கும். பத்தே நிமிடத்தில் "நேரமே பத்தலைங்க" என்பதில் வந்து நிற்கும். அச்சகம் நடத்துபவர், தையலகம் வைத்திருப்பவர், வீட்டிலிருந்தே வடிவமைப்பு வேலை செய்பவர், பட்டறைக்காரர் என்று ஆள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் அதேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, நான் சொல்லிவரும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதை வைத்துத்தான் பின்னால் உள்ளவை பேசும் என்பதால், வரிசையாகப் படித்தால் நல்லது.

1. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஓடுறேன். ஆனா படுக்கும்போது எதையுமே முடிச்ச மாதிரி இல்லையே, ஏன்?

அன்று நீங்கள் செய்ததில் பெரும்பகுதி யாரோ கேட்ட வேலையாக இருந்திருக்கும். வாடிக்கையாளர் போன் செய்தார், சரக்கு கொண்டுவந்தவர் கையெழுத்து கேட்டார், பணியாளர் சந்தேகம் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள் காத்துக்கொண்டு நின்றார். அதனால் அவை எப்படியோ நடந்துவிட்டன.

தொழிலை அடுத்த ஆண்டுவரை கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைகள் வேறு. விலைப்பட்டியலைத் திருத்துவது, வரவேண்டிய பாக்கியை வசூலிப்பது, புதிய ஆளுக்குக் கற்றுக்கொடுப்பது, எதில் லாபம் எதில் நஷ்டம் என்று உட்கார்ந்து பார்ப்பது. இவற்றை ஏன் இன்னும் செய்யவில்லை என்று உங்களைக் கேட்க ஆளே கிடையாது. ஆறு மாதம் தள்ளிப்போனாலும் ஒரு போன்கூட வராது. இந்தப் பக்கம் முழுக்க இவற்றைக் 'கேட்க ஆளில்லாத வேலை' என்றே சொல்லப்போகிறேன். ராத்திரி படுக்கும்போது மனதில் உறுத்துவது பெரும்பாலும் இதுதான். நான் பார்த்தவரை, சிறு தொழில்களில் நேர நிர்வாகம் என்பது இந்த வேலைக்கு இடம் பிடித்துக்கொடுப்பதுதான். மீதியெல்லாம் அதற்கான வழிமுறை.

2. என் நேரம் எங்கே போகுதுன்னு எனக்கே தெரியலையே. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எழுதிப் பாருங்கள். ஒரு சின்ன நோட்டு, ஒரு வாரம், அவ்வளவுதான். வேலை மாறும்போதெல்லாம் மணியையும் வேலையின் பெயரையும் ஒரே வரியில் குறித்துவையுங்கள். ராத்திரி நினைவிலிருந்து எழுதினால் பயனில்லை. நாம் செய்ததாக நினைப்பதும் செய்ததும் ஒன்றாக இருப்பதில்லை. மேலாண்மை பற்றி நிறைய எழுதிய பீட்டர் டிரக்கரும் இதைத்தான் வலியுறுத்தினார்: திட்டத்திலிருந்து தொடங்காதே, நேரம் உண்மையில் எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்கு என்று.

அச்சகம் நடத்தும் ஒரு பெண்மணி அப்படி எழுதிய நோட்டை என்னிடம் காட்டினார். '9.10 போன். 9.25 பழைய டிசைன் தேடினேன். 9.50 போன். 10.05 மறுபடி அதே டிசைன்.' இப்படியே பக்கம் பக்கமாகப் போனது. வாரக் கடைசியில் இருவரும் கூட்டிப் பார்த்தோம். பழைய வாடிக்கையாளர்களின் டிசைன் கோப்புகளைக் கம்ப்யூட்டரில் தேடுவதற்கு மட்டும் ஐந்தரை மணி நேரம் போயிருந்தது. அதுவரை "வாடிக்கையாளர்கள் ரொம்பப் பேசுறாங்க" என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மதியம் உட்கார்ந்து, ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயரிலும் தனி ஃபோல்டர் போட்டு, கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்தார். அந்தத் தொல்லை அதோடு தீர்ந்தது.

நோட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'கேட்டது' அல்லது 'கேட்காதது' என்று ஒரு குறி போடுங்கள். கேட்காதது ஒரு வாரத்தில் இரண்டு மணி நேரத்தைத் தொட்டாலே நீங்கள் பரவாயில்லை. பலருக்கு ஒன்றுமே இருக்காது.

3. எல்லாமே அவசரமாத்தான் இருக்கு. எதை முதல்ல செய்றது?

அவசரம் வேறு, முக்கியம் வேறு. அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவர் 1954 ஆகஸ்டில் எவான்ஸ்டன் நகரில் பேசும்போது, முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாக இதைக் குறிப்பிட்டார்: என் பிரச்சினைகள் இரண்டு வகை, அவசரமானவை, முக்கியமானவை, அவசரமானவை முக்கியமானவை அல்ல, முக்கியமானவை ஒருபோதும் அவசரமாக இருப்பதில்லை. வேலைகளை அவசரமா, முக்கியமா என்று பிரிக்கும் நான்கு கட்டம் போட்ட அட்டவணை ஒன்றைப் பலரும் பார்த்திருப்பீர்கள், அதன் வேர் இந்தப் பேச்சுதான்.

தெரிந்தும் நாம் ஏன் அவசரத்தின் பின்னால் போகிறோம்? கெடு நெருங்கியது போல ஒரு தோற்றம் இருந்தாலே போதும், பலன் குறைந்த வேலையையும் மனிதர்கள் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் இது உங்கள் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். மனம் அப்படித்தான் வேலை செய்கிறது.

நடைமுறைக்கு இரண்டு கேள்விகள் போதும். 'இதை இன்று செய்யாமல் நாளைக்குச் செய்தால் என்ன கெட்டுப்போகும்?' பல அவசரங்கள் இந்த இடத்திலேயே அடங்கிவிடும். அடுத்து, 'இதை மூன்று மாதம் செய்யாமலே இருந்தால் என்ன ஆகும்?' முதல் கேள்விக்கு 'ஒன்றுமில்லை' என்றும், இரண்டாவதற்கு 'பெரிய சிக்கல்' என்றும் பதில் வருகிறதா? அதுதான் கேட்க ஆளில்லாத வேலை. அதற்கு இன்றே நாள் குறித்துவிடுங்கள்.

4. பட்டியல் போட்டுத்தான் வேலை செய்றேன். ஆனா பட்டியல் நீண்டுக்கிட்டே போகுது, முடியவே மாட்டேங்குது.

இரண்டு பட்டியல் வையுங்கள். ஒன்று பெரியது: மனதில் தோன்றுவதெல்லாம் அதில் இறங்கட்டும், அது முடிய வேண்டியதே இல்லை. இன்னொன்று இன்றையது: அதிகபட்சம் ஐந்து வரி. முந்தைய நாள் கடையைச் சாத்தும் முன்பே பெரிய பட்டியலிலிருந்து எடுத்து எழுதிவிடுங்கள். அந்த ஐந்தில் ஒன்றாவது கேட்க ஆளில்லாத வேலையாக இருக்கட்டும்.

எழுதும் விதமும் முக்கியம். 'பாக்கி வசூல்' என்று எழுதினால் அது அப்படியே பத்து நாள் நிற்கும். 'காலை 10 மணிக்கு, 60 நாளைத் தாண்டிய நான்கு பில்களுக்குப் போன்' என்று எழுதினால் நடக்கும். முடிக்காத வேலை மனதைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே அந்தத் தொல்லை குறைகிறது என்று மசிகாம்போ, பாமிஸ்டர் என்ற இருவர் 2011-இல் செய்த ஆய்வு சொல்கிறது. வேலையை முடித்தால்தான் நிம்மதி என்பதில்லை. ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

5. ஒரு மணி நேரத்துல முடியும்னு நினைக்கிறது மூணு மணி நேரம் இழுக்குது. நான்தான் மெதுவா?

நீங்கள் மெதுவில்லை, கணிப்புதான் தப்பு. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979-லேயே இந்தப் பிழைக்குத் 'திட்டமிடல் பிழை' (planning fallacy) என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்கு வந்த பதில் 49 நாளை ஒட்டி. அதாவது, மோசமான நிலையை நினைத்துச் சொன்னதையும் உண்மை தாண்டிவிட்டது.

மருந்து உங்கள் நோட்டிலேயே இருக்கிறது (கேள்வி 2). இது போன்ற வேலை போன தடவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று பாருங்கள், அதையே எழுதுங்கள். இந்தத் தடவை சீக்கிரம் முடியும் என்று மனம் சொல்லும். அதைக் கேட்க வேண்டாம். பதிவு இல்லாத புது வேலை என்றால் நான் தோன்றியதை ஒன்றரை மடங்கு ஆக்கிவிட்டுத்தான் வாடிக்கையாளரிடம் தேதி சொல்வேன். இது என் கைக்கணக்குதான், ஆனால் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

6. போனை எடுக்கலைன்னா ஆர்டர் போயிடும். எடுத்தா வேலை போயிடுது. என்ன பண்றது?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், ஏனென்றால் அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஒரு போன் இரண்டு நிமிடம்தான். ஆனால் அதற்குப் பிறகு பழைய வேலைக்குத் திரும்பும்போது மனதின் ஒரு பகுதி இன்னும் அந்தப் பேச்சிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இந்த மிச்சக் கவனத்தைப் பற்றி எழுதினார்: முந்தைய வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வந்தால், அடுத்த வேலையின் தரம் குறைகிறது. விலை போடும்போது ஒரு சைபர் விட்டுப்போவது, அளவு மாறிப்போவது எல்லாம் பெரும்பாலும் இப்படி நடப்பவைதான்.

எல்லா நேரமும் போனை அணைத்து வைக்கச் சொல்லவில்லை. ஒரு நாளில் ஒரே ஒரு மணி நேரம். உங்கள் நோட்டில் போன் மிகக் குறைவாக வந்த மணி எது என்று பாருங்கள். பலருக்குக் காலையில் கடை திறந்த முதல் மணி நேரமாக இருக்கும். அந்த நேரத்தில் போன் மௌனத்தில், வாட்ஸ்அப் அறிவிப்புகள் நிறுத்தத்தில். 'இப்போது வேலையில் இருக்கிறேன், 11 மணிக்கு நானே கூப்பிடுகிறேன்' என்று ஒரு தானியங்கிப் பதில் போடுங்கள். பிறகு 11 மணிக்கு உண்மையிலேயே கூப்பிடுங்கள். இதில் முழு விஷயமும் அந்தக் கடைசி வரியில்தான். சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுகிறவரிடம் வாடிக்கையாளர் காத்திருப்பார். கூப்பிடாதவரிடம்தான் பத்துத் தடவை அடிப்பார்.

அப்புறம், போன்களில் பாதி 'என் வேலை எந்த அளவில் இருக்கு?' என்பதுதான். ஆர்டர் தொடங்கும்போதும் முடியும்போதும் நீங்களே ஒரு வரி அனுப்பிவிட்டால் அந்தப் போன்கள் வராது.

7. நான் தனி ஆள். கடைக்குள்ள ஆள் வந்துட்டா எழுந்துதானே ஆகணும்?

ஆமாம், எழுந்துதான் ஆக வேண்டும். மேலே சொன்ன ஒரு மணி நேரம் உங்களுக்குக் கடை திறக்கும் முன்போ, சாத்திய பிறகோதான் கிடைக்கும். தினமும் முடியாவிட்டால் வாரத்துக்கு இரண்டு நாள், கதவைத் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வந்து உட்காருங்கள். வீட்டில் ஒரு மணி நேரம் குறையும். அதை வீட்டில் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

கடை நேரத்தில் வேலையைச் சின்னத் துண்டுகளாக்குங்கள். எழுந்து போகும்போது, விட்ட இடத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிட்டுப் போங்கள்: 'மூன்றாவது பில் வரை சரி பார்த்தாச்சு.' திரும்பி வந்ததும் எங்கே இருந்தோம் என்று தேட வேண்டியிருக்காது.

8. ஆளை வெச்சேன். ஆனா நான் செய்ற மாதிரி வரலை. விளக்கிச் சொல்ற நேரத்துல நானே செஞ்சுடலாம்னு தோணுதே?

ஒரு தடவைக்கு அது உண்மை. கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். தினமும் 15 நிமிடம் எடுக்கும் ஒரு வேலை, வாரம் ஆறு நாள் என்றால் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், 52 வாரத்துக்கு 78 மணி நேரம். அதைக் கற்றுக்கொடுக்க ஐந்து மணி நேரம், முதல் மாதத்தில் தவறுகளைத் திருத்த இன்னொரு ஐந்து மணி நேரம் என்று தாராளமாகவே வையுங்கள். அப்போதும் 68 மணி நேரம் உங்கள் கையில் மிஞ்சும். கற்றுக்கொடுப்பது கேட்க ஆளில்லாத வேலை என்பதால்தான் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

'நான் செய்ற மாதிரி' என்றால் என்ன என்று எழுதியிருக்கிறீர்களா? பெரும்பாலும் அது முதலாளியின் தலைக்குள் மட்டும்தான் இருக்கும். அடுத்த தடவை நீங்கள் செய்யும்போது, படிப்படியாக எழுதுங்கள் அல்லது செய்துகொண்டே பேசி போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். முடிந்த வேலையைப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்ல மூன்று அடையாளங்கள் கொடுங்கள். அதற்குப் பிறகும் பத்தில் எட்டுத் தரம்தான் வருகிறது என்றால், அந்த வேலைக்கு எட்டு போதுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பார்சல் கட்டுவதற்குப் போதும். வாடிக்கையாளருக்கு விலை சொல்வதற்குப் போதாது, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

9. என்னோட ஒரு மணி நேரத்துக்கு என்ன மதிப்புன்னு எப்படிச் சொல்றது?

போன ஆண்டு எல்லாச் செலவும் போக உங்களுக்கு மிஞ்சிய தொகையை, நீங்கள் உழைத்த மொத்த மணி நேரத்தால் வகுங்கள். மொத்தம் என்றால் ராத்திரி பில் எழுதியதும், ஞாயிற்றுக்கிழமை சரக்கு எண்ணியதும் சேர்த்து. பலர் இதைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள்; தம்மிடம் வேலை செய்கிறவரின் கூலியைவிடக் குறைவாக வந்திருக்கும். நான் இதைச் சொல்வது வருத்தப்படுத்த அல்ல. இந்த எண் கையில் இருந்தால் 'இதை நானே செய்யலாமா, ஆள் வைக்கலாமா' என்ற கேள்வியை ஊகத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்காது.

ஓர் எச்சரிக்கை. மிச்சமான மணி நேரத்தை வேறு வேலையில் போட்டால்தான் அதற்கு இந்த மதிப்பு. மிச்சப்படுத்திவிட்டு சும்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், கொடுத்த கூலி செலவுதான்.

10. இருக்கிற வாடிக்கையாளர் எல்லாரையும் ஒரே மாதிரி கவனிக்க முடியலை. யாரைக் குறைக்கிறது?

பொருளியலாளர் வில்ஃப்ரெடோ பரேட்டோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், செல்வம் சிலரிடமே குவிந்திருப்பதைக் கணக்கில் காட்டினார். பின்னாளில் தர மேலாண்மை வல்லுநர் ஜோசப் ஜூரான் அதைத் தொழிற்சாலைக் குறைபாடுகளுக்குப் பொருத்தி, பரேட்டோ விதி என்று பெயரிட்டார். பலனில் 80 பங்கு வெறும் 20 பங்குக் காரணங்களிலிருந்து வருகிறது, அதாவது 80க்கு 20 என்று எல்லோரும் சொல்வது அதுதான். எந்தத் தொழிலிலும் அது அச்சாக 80க்கு 20 ஆக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். சமமாக இருக்காது என்பதே அதன் சாரம்.

வாடிக்கையாளர் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஆண்டு லாபத்தையும் அவருக்காகச் செலவான நேரத்தையும் போடுங்கள். விற்பனைத் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பெரிய ஆர்டர் கொடுத்து, ஆறு தடவை மாற்றச் சொல்லி, நாலு மாதம் கழித்துப் பணம் தருகிறவர் பட்டியலின் அடிக்கு வந்துவிடுவார். அவரை உடனே விட வேண்டாம். 'இரண்டு திருத்தத்துக்கு மேல் தனிக் கட்டணம், பாதி முன்பணம்' என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் நல்ல வாடிக்கையாளர் ஆகிவிடுவார், இல்லையென்றால் அவரே போய்விடுவார்.

புதிதாக வந்திருப்பவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் ஆர்டரில் எல்லோருமே அதிக நேரம் எடுப்பார்கள்.

11. ஆர்டர் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சு வெச்சா வாடிக்கையாளருக்கும் சமாதானமா இருக்கும்ல?

இருக்காது; எல்லோருக்கும் தாமதம்தான் ஆகும். 1961-இல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்த ஓர் எளிய சமன்பாடு இருக்கிறது. கையில் உள்ள வேலைகளின் எண்ணிக்கையை, வாரத்துக்கு முடிக்கும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை வாரம் உங்களிடம் இருக்கும் என்பது கிடைக்கும். கையில் 12 ஆர்டர், வாரத்துக்கு 3 முடிப்பீர்கள் என்றால் ஒவ்வொன்றும் சராசரியாக 4 வாரம் கிடக்கும். கையில் எடுப்பதை 6 ஆகக் குறைத்தால், வேகம் அதே 3 ஆக இருந்தாலும், 2 வாரத்தில் வெளியே போய்விடும். மீதி 6 பேருக்கு 'இந்தத் தேதியில் தொடங்குகிறேன்' என்று சொல்லிவிடுங்கள்.

காத்திருப்பது மொத்தத்தில் மாறாதே என்று கேட்பீர்கள். வரிசையில் நிற்கிற நாளையும் சேர்த்தால் உடனே மாறாதுதான். ஆனால் தொடங்கிய வேலை மேசையில் குறைவாக இருந்தால் தேடல், குழப்பம், கேள்வி 6-இல் சொன்ன மிச்சக் கவனம் எல்லாம் குறையும். அதனால் வாரத்துக்கு 3 என்பது மெல்ல ஏறும். சொல்லும் தேதியும் நிஜமாக இருக்கும்.

12. ஆப் ஏதாவது வாங்கினா சரியாயிடுமா?

முதல் மாதம் வேண்டாம். நோட்டும் பேனாவும் போதும். எந்த வேலையைப் பதிவு செய்கிறீர்கள், எதைப் பிறரோடு பகிர வேண்டியிருக்கிறது என்று தெரிந்த பிறகு ஆப் பார்க்கலாம். இரண்டு பேருக்கு மேல் வேலை செய்யும் இடம் என்றால் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு காலண்டர் நிச்சயம் உதவும்.

13. திட்டமெல்லாம் போட்டு மூணு நாள் நல்லா போச்சு. நாலாவது நாள் ஒரு பிரச்சினை, எல்லாம் உடைஞ்சுபோச்சு. எனக்கு இது சரிப்படாதோ?

மூன்று நாள் நடந்ததே, அதைப் பாருங்கள். திட்டம் உடைவது வழக்கம். மெஷின் பழுதாகும், ஆள் வரமாட்டார், குழந்தைக்குக் காய்ச்சல் வரும். நாளின் எல்லா மணியையும் நிரப்பித் திட்டம் போட்டிருந்தால் ஒரு சின்ன இடி போதும், எல்லாமே சரிந்துவிடும். அதனால் நாளில் மூன்றில் ஒரு பங்கையாவது வெறுமையாக விடுங்கள். ஒன்றும் நடக்காத நாளில் அந்த இடத்தில் பெரிய பட்டியலிலிருந்து (கேள்வி 4) எதையாவது எடுத்துக்கொள்ளலாம்.

உடைந்த பிறகு திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள். மறுநாள் காலையில் அந்த ஐந்து வரிகளை மட்டும் எழுதுங்கள். முழு ஏற்பாட்டையும் ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தப் பார்ப்பதால்தான் பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது மனதுக்கு நெருக்கமான விஷயம், ஏனென்றால் அப்படி விட்டவர்களில் பலர் நல்ல உழைப்பாளிகள்.

14. சரி, நேரத்தை மிச்சப்படுத்தினேன். ஆனா அந்த நேரமும் எப்படியோ காணாம போயிடுதே?

1955-இல் நார்த்கோட் பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் எழுதியது இன்றைக்கும் பொருந்துகிறது: இருக்கிற நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை விரிந்துகொள்ளும். மிச்சமான நேரத்துக்குப் பெயர் வைக்காவிட்டால் கேட்கிறவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். பணியாளருக்கு ஒரு வேலையை ஒப்படைத்த அன்றே, விடுபட்ட மணியில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று காலண்டரில் எழுதிவிடுங்கள். அது வேலையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 'மாலை 6-க்குப் பிள்ளையோடு' என்று எழுதினாலும் எனக்குச் சம்மதமே.

15. என் வருமானத்துல பாதி ஒரே வாடிக்கையாளர்கிட்டேர்ந்து வருது. அவர் எப்பக் கூப்பிட்டாலும் மத்ததை விட்டுட்டு ஓடித்தானே ஆகணும்? நீங்க சொல்றதெல்லாம் எனக்கு எப்படிப் பொருந்தும்?

இது கடினமான நிலைமை. இன்றைக்கு நீங்கள் ஓடுவது சரிதான். அவரிடம் போய்க் கேள்வி 10-இல் சொன்ன மாதிரி நிபந்தனை போட உங்களுக்கு இப்போது பலம் இல்லை. அந்தப் பலத்தை உண்டாக்குகிற வேலை புதிய வாடிக்கையாளர்களைத் தேடுவது. அதை யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள், அந்தப் பெரிய வாடிக்கையாளரோ நிச்சயமாகக் கேட்க மாட்டார். ஆகவே வாரத்தில் மூன்று மணி நேரம், ஒரே நாளில், ஒரே நேரத்தில் அதற்கென்று வைத்து, அதை அவரோடு நடக்கும் சந்திப்பு மாதிரியே மதியுங்கள்.

கூடவே ஒன்று செய்யலாம். அவரிடமிருந்து வரும் அவசர அழைப்புகளை ஒரு மாதம் குறித்துவையுங்கள். பெரும்பாலும் அதில் ஒரு ஒழுங்கு தெரியும்: மாதத்தின் முதல் வாரம், அல்லது அவருடைய மேலதிகாரிக்கு அறிக்கை கொடுக்கும் நாளுக்கு முந்தைய நாள். அது தெரிந்தால், முந்தின வாரமே நீங்கள் கூப்பிட்டு 'உங்களுக்கு இது தேவைப்படுமே, இப்போதே செய்துவிடட்டுமா?' என்று கேட்கலாம். அவருக்கும் நிம்மதி, உங்கள் வாரமும் உங்கள் கையில் இருக்கும்.

16. நான் ரெண்டு நாள் வரலைன்னா தொழில் நின்னுடும். அப்புறம் எப்படி லீவு எடுக்கிறது?

முதலில் அரை நாள் எடுங்கள், போன் இல்லாமல். திரும்பி வந்ததும் என்ன நின்றது, யார் எதற்காகக் காத்திருந்தார்கள் என்று எழுதுங்கள். அதுதான் அடுத்து நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியவற்றின் பட்டியல் (கேள்வி 8). ஒரு மாதம் கழித்து ஒரு நாள், பிறகு இரண்டு நாள். நீங்கள் நோயில் படுக்க நேர்ந்தால் தொழில் தாங்குமா என்பதற்கும் இதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரியாது. அந்தச் சோதனையை உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்து பார்த்துவிடுங்கள்.

17. நோட்டு எழுதினேன், பட்டியல் குறைச்சேன், ஆளுக்குக் கத்துக்கொடுத்தேன். இன்னும் நேரம் பத்தலைங்க. இதுக்கு மேல என்ன?

அப்படியென்றால் உங்கள் பிரச்சினை நேரம் இல்லாமல் இருக்கலாம். விலையாக இருக்கலாம். செய்கிற வேலைக்குக் குறைவாக வாங்கினால், அதை ஈடுகட்ட எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியிருக்கும்; எண்ணிக்கை கூடினால் எந்தத் திட்டமும் தாங்காது. கேள்வி 9-இல் வந்த எண்ணையும், கேள்வி 2-இன் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தையலகம் நடத்தும் ஒருவருடன் அப்படி உட்கார்ந்தேன். பழைய துணியைப் பிரித்துத் திருத்தும் வேலைக்கு அவர் கால் மணி நேரம் என்று கணக்கு வைத்து விலை போட்டிருந்தார். நோட்டில் இருபத்தி மூன்று திருத்தங்கள் பதிவாகியிருந்தன. எதுவுமே முப்பது நிமிடத்துக்குள் முடியவில்லை, பல நாற்பதைத் தாண்டின. ஒவ்வொரு வரிக்கும் நேராக விரலை வைத்து அவரே படித்துக்கொண்டு வந்தார், பாதியில் நிறுத்திவிட்டு மெஷினைப் பார்த்தார். "வேலை வேணாம்னு சொல்லக் கூச்சமா இருக்கும்னுதான் எல்லாத்தையும் எடுத்தேன்" என்றார்.

விலையை ஏற்றினால் சிலர் வரமாட்டார்கள், அது நடந்தது. பாதிக்கு மேல் வந்தார்கள். குறைந்த எண்ணிக்கையில் முன்பு கிடைத்ததே கிடைத்தது. புதுத் துணி தைப்பதற்கு மதியங்கள் மிஞ்சின. மூன்று ஆண்டாகத் தள்ளிப்போட்டுவந்த அந்த விலைப்பட்டியலை எழுதி முடிக்க அவருக்கு ஆனது ஒன்றே கால் மணி நேரம், கடை திறப்பதற்கு முன்பு.